பழைய பெட்ரோல்-மின் ரயில்காரை அடையாளம் காணும் முறை

அமெரிக்காவின் கிராமப்புறக் கிளைப்பாதைகளில் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் ஓடிய, ‘டூடில்பக்’ என்று செல்லமாக அழைக்கப்பட்ட, தானே இயங்கும் ஒற்றைப்பெட்டி ரயில்கார்களைப் பழைய புகைப்படங்களில் இனம்காண விரும்புவோர், முதலில் பெயரைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். இவற்றின் ஆங்கிலப் பெயரான ‘கேஸ்-எலக்ட்ரிக்’ என்பதிலுள்ள ‘கேஸ்’ எரிவாயுவைக் குறிப்பதன்று. ‘கேசொலின்’, அதாவது பெட்ரோல் என்பதன் சுருக்கம். பெட்ரோல் எஞ்சின் ஜெனரேட்டரைச் சுழற்றும். அந்த மின்சாரம் அச்சுகளோடு இணைந்த மோட்டார்களை இயக்கும்.

படி 1: கூரையைப் பாருங்கள். மேல்கம்பியைத் தொடும் கோல் இருந்தால் அது பெரும்பாலும் வெளி மின்சாரத்தில் ஓடும் வண்டி. அதற்குப் பதிலாக முன்பக்கக் கூரையில் ரேடியேட்டர்களும் புகைக்குழாய்களும் தெரிந்தால், எஞ்சின் உள்ளேயே இருக்கிறது.

படி 2: பக்கவாட்டை முன்னிருந்து பின்னாக வாசியுங்கள். எஞ்சின் அறை, சரக்குக்கான அகலமான கதவு, சிலவற்றில் தபால் அறை, பிறகு பயணிகளின் சன்னல் வரிசை என்பதே வழக்கமான அடுக்கு. கூட்டம் குறைந்த பாதையில் நீராவி எஞ்சினும் தனித்தனிப் பெட்டிகளும் செய்த வேலையை ஒரே வண்டி செய்ததால் வந்த அமைப்பு இது.

படி 3: மெக்கீன் நிறுவனத்தின் வண்டிகளைப் பிரித்துவிடுங்கள். தொடக்கநிலையினர் அதிகம் தவறுவது இங்கேதான் என்பதால் சற்று நிதானிக்க வேண்டும். நெப்ராஸ்காவின் ஒமாஹாவில் 1905 முதல் 1917 வரை கட்டப்பட்ட இவற்றில் பெரும்பாலானவை கத்திமுனை போன்ற முகப்பும், கப்பலில் இருப்பதுபோன்ற வட்டச் சன்னல்களும், நடுவில் தாழ்ந்த வாசலும் கொண்டவை. ஆனால் அவை பெட்ரோல்-மின் வண்டிகளே அல்ல. எஞ்சினின் விசை சங்கிலியும் பற்சக்கரமும் வழியாகவே சக்கரத்தை அடைந்தது. நெவாடாவின் கார்சன் சிட்டி ரயில் அருங்காட்சியகத்தில் உள்ள 22ஆம் எண் வண்டி, 1910இல் வந்தது, இவ்வகை வண்டிக்கு ஓர் எடுத்துக்காட்டு.

படி 4: தயாரிப்பாளரைத் தேடுங்கள். ஜெனரல் எலக்ட்ரிக் 1917 வரை இத்தகைய வண்டிகளைக் கட்டியது. அதன் முகப்பு பெரும்பாலும் வளைந்திருக்கும். 1922இல் ஹெரால்டு ஹாமில்டன் தொடங்கிய எலக்ட்ரோ-மோட்டிவ் நிறுவனத்துக்கு அப்போது சொந்தத் தொழிற்சாலை இல்லை. வடிவமைப்பும் விற்பனையும் அதனுடையவை, எஞ்சின் விண்டன் நிறுவனத்தினுடையது, உடலைச் செயின்ட் லூயிஸ் கார், புல்மன் போன்றவை கட்டின. ஆகவே உடலில் செயின்ட் லூயிஸ் பெயர்ப்பலகை இருப்பதைக் கண்டு, எலக்ட்ரோ-மோட்டிவ் வண்டி அல்ல என்று முடிவு செய்துவிடக் கூடாது. பிலடெல்பியாவின் பிரில் நிறுவனமோ எஞ்சின் விசை நேராகச் சக்கரத்தை அடையும் எந்திர இணைப்பு வண்டிகளையும் பெட்ரோல்-மின் வண்டிகளையும் விற்றதால், அதன் பெயரை மட்டும் வைத்து வகையைச் சொல்ல இயலாது.

படி 5: பின்னாளைய மாற்றங்களைக் கணக்கில் கொள்ளுங்கள். பல வண்டிகளுக்குப் பிறகு டீசல் எஞ்சின் பொருத்தப்பட்டது. அதனால் எஞ்சினைக் கண்டு வயதைக் கணிப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. 1949இல் வந்த பட் நிறுவனத்தின் எஃகு ரயில்காரும் சிலரைக் குழப்பும். அதில் எஞ்சின்கள் தரைக்கு அடியில் இருப்பதால் தனி எஞ்சின் அறையே கிடையாது.

பயிற்சிக்கு, லாஸ் ஏஞ்சலிஸின் டிராவல் டவுன் அருங்காட்சியகத்தில் உள்ள, சான்டா ஃபே ரயில் நிறுவனத்தின் எம்-177 ரயில்காரின் படத்தை எடுத்து, கூரையிலிருந்து தொடங்கி இதே வரிசையில் குறிப்பெடுங்கள்.