முகத்து ஒப்பரேஷன நினைச்சு நித்திரை வராட்டி என்ன செய்ற

போன மாசம் ராத்திரி ஒரு மணிக்கு அக்கரைப்பற்றில இருக்கிற ஒரு தங்கச்சி வாட்ஸ்அப்பில வொய்ஸ் போட்டிருந்தா, "அக்கா, நெத்தி எலும்ப வெட்டுறதாமே, நான் மேசையிலயே செத்துப்போனா அம்மாவ ஆர் பாக்குற" எண்டு அழுது அழுது. முகத்தப் பொம்பிள முகமா மாத்துற ஒப்பரேஷனுக்கு முதல் நானும் இப்பிடித்தான் கிடந்தன், மட்டக்களப்புக் கல்லடியில கடல் சத்தத்தக் கேட்டுக்கொண்டு விடிய விடிய போன்ல படம் பாத்துப் பாத்து. அவவுக்குச் சொன்னத மத்த திருநங்கைத் தங்கச்சிமாருக்கும் சொல்லத்தான் இத எழுதுறன்.

முதல்ல ஒரு சி.ஆர். கொப்பி எடுங்க. தலைக்குள்ள பயம் ஒரே உருண்டையாக் கிடக்கும், அத அப்பிடியே டொக்டரிட்ட கொண்டுபோனா அவரும் "ஒண்டும் நடக்காது, பயப்படாதீங்க" எண்டு அனுப்பிருவார். நெத்தியா, மூக்கா, நாடியா, தொண்டையா, ஒவ்வொண்டுக்கும் ஒரு பக்கம் விட்டு அந்த இடத்துல என்ன பிழைக்கும் எண்டு எழுதுங்க. இந்த ஒப்பரேஷன் நேத்து வந்த வைத்தியமும் இல்ல, 1980கள்ல சான் பிரான்சிஸ்கோவில டக்ளஸ் ஔஸ்டர்ஹவுட் எண்ட டொக்டர் பழைய மண்டையோடுகள ஆராஞ்சு ஆம்பிள எலும்பு பொம்பிள எலும்பு எங்கெங்க வித்தியாசப்படுது எண்டு பாத்துச் செய்யத் தொடங்கினது, இவ்வளவு காலமாச் செய்றதால எங்க என்ன பிழைக்கும் எண்டு அவங்களுக்குத் தெரியும், நாங்கதான் கேக்கோணும்.

நெத்தியில எல்லாருக்கும் ஒரே வேலை இல்ல. புருவத்துக்குப் பின்னால காத்து நிக்கிற ஒரு அறை இருக்கு, சைனஸ். அதுக்கு முன்னால இருக்கிற எலும்பு தடிப்பா இருந்தா தேய்ச்சாலே போதும், மெல்லிசா இருந்தா அந்தத் துண்ட வெட்டியெடுத்து உள்ளுக்குத் தள்ளி டைட்டேனியம் தகடும் ஸ்குரூவும் போட்டு இறுக்குவாங்க. உங்களுக்கு எது எண்டு சி.டி. ஸ்கேன்லதான் தெரியும், ஸ்கேன் பாக்காம விலை சொல்ற ஆளிட்டப் போகவே போகாதீங்க. மறுகா விறைப்பு. எனக்கு நெத்தி செஞ்சு ரெண்டு வருசமாகுது, தலைக்கு எண்ணெய் வச்சு வாரேக்க நடு உச்சியில ஒரு தீப்பெட்டி அளவு இடத்துல சீப்புப் படுறது இப்பவும் தெரியாது, சில நேரம் அங்க கடிக்கும், சொறிஞ்சா சொறிஞ்சது தெரியாது. கூடுதலான ஆக்களுக்கு மாசக்கணக்குல உணர்ச்சி திரும்பி வரும், கொஞ்ச இடம் வராமலும் போகும். இத எனக்கு முதலே ஆரும் விளங்கச் சொல்லல்ல, அந்தக் கோபம் இன்னும் இருக்கு. முதலே தெரிஞ்சிருந்தா நான் மாட்டன் எண்டு சொல்லியிருக்க மாட்டன், ஆனா ஒப்பரேஷன் முடிஞ்சு ஆறு மாசம் பயந்து செத்திருக்கவும் மாட்டன்.

தாடை, நாடி எண்டா கீழ்ச் சொண்டுக்கு உணர்ச்சி குடுக்கிற நரம்பு அந்த எலும்புக்குள்ளாலதான் ஓடுது, எவ்வளவு தள்ளி வெட்டுவீங்க எண்டு ஸ்கேன் படத்தில விரல் வச்சுக் காட்டச் சொல்லுங்க.

தொண்டையில துருத்திக்கொண்டு நிக்கிற மேட்டச் சீவுறது சின்ன வேலை எண்டு எல்லாரும் சொல்லுவாங்க, நான் ஒத்துக்கொள்ள மாட்டன். குரல் நாண் அந்தக் குருத்தெலும்புக்குப் பின்னாலதான் ஒட்டிக் கிடக்கு, கொஞ்சம் கூடச் சீவினா குரல் கரகரத்து இன்னும் தடிச்சுப் போகலாம், அதத் திருப்பிக் கொண்டு வாறது லேசில்ல. பாட்டுப் படிக்கிறவங்க, போன்ல கதைச்சுப் பிழைக்கிறவங்க இந்தப் பக்கத்த ரெண்டு தரம் எழுதுங்க.

செத்துப்போயிருவனா எண்ட பயத்துக்கு, மயக்க மருந்து குடுக்கிற டொக்டரத் தனியாச் சந்திச்சே ஆகோணும். அவரிட்ட ஒண்டையும் ஒளிக்காதீங்க. நம்மட பக்கம் வெத்தில பாக்கு சின்ன வயசிலயே தொடங்குறதுதானே, வருசக்கணக்காப் பாக்குப் போட்டா வாய்க்குள்ள தோல் இறுகி வாய் திறக்கிறது குறையும், வாய் திறபடாட்டி மூச்சுக்குக் குழாய் வைக்கிறது கஷ்டம். இப்பவே கண்ணாடிக்கு முன்னால வாயத் திறந்து மூண்டு விரல நிமித்தி வச்சுப் பாருங்க, போகாட்டி அவரிட்டச் சொல்லுங்க. சிகரட்ட ஆகக் குறைஞ்சது நாலு கிழமைக்கு முதல் விடோணும், இல்லாட்டிக் காயம் ஆறச் சுணங்கும். ஹோர்மோன் குளிசை, அஸ்பிரின், நாட்டு மருந்து, எல்லாத்தையும் எழுதிக் குடுங்க, ரத்தம் கட்டுறதும் நிக்காம ஓடுறதும் அதுகளால வரலாம், ஆனா நீங்களா ஒண்டையும் நிப்பாட்டவும் வேணாம். மாரி மழைக்குப் பிறகு மட்டக்களப்பில டெங்கு கூடும், டெங்கு வந்து எழும்பின கையோட ஒப்பரேஷனுக்குப் போகாம ரத்தம் சோதிச்சுப் போட்டுப் போங்க. காது குத்தின இடத்தில தழும்பு தடிச்சு வளர்ந்திருந்தா அதையும் காட்டுங்க.

இந்தியாவுக்கோ தாய்லாந்துக்கோ போறவங்க, திரும்பி வந்த பிறகு ஆர் பாக்கப் போற எண்டு முதலே விசாரிங்க. நான் இத யோசிக்காமத்தான் போனன். என்ன செஞ்சாங்க, எந்தத் தகடு போட்டாங்க எண்ட ரிப்போர்ட்டும் ஸ்கேன் படம் பதிஞ்ச டிஸ்க்கும் கையில இருந்தா இஞ்ச ஒரு முகத் தாடை டொக்டருக்கு விளங்கும். குனியேக்க மூக்கால தண்ணி மாதிரித் தெளிவா ஒழுகினாலோ, ஒரு பக்கம் மட்டும் திடீரெண்டு வீங்கினாலோ, கண் மங்கினாலோ, கெண்டைக்கால் நொந்து மூச்சு வாங்கினாலோ, விடியட்டும் எண்டு பாக்காம கிட்ட இருக்கிற ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க. மத்த வீக்கம் வேற, முதல் ரெண்டு மூண்டு நாள் முகம் பூசணிக்காய் மாதிரித்தான் இருக்கும், சரியான வடிவு தெரிய ஆறு மாசம் ஒரு வருசம் போகும், அந்த முதல் கிழமை கண்ணாடியப் பாத்து முடிவெடுக்காதீங்க.

காசு காணாது எண்டு வீட்டில வந்து சிலிக்கோன் ஊசி போடுற ஆக்களிட்ட மட்டும் முகத்தக் குடுத்திராதீங்க, கெஞ்சிக் கேக்கிறன்.

கொப்பி எழுதியும் நெஞ்சு படபடக்குதெண்டா அதுக்கும் ஆள் இருக்கு. 2016ல இலங்கைச் சுகாதார அமைச்சின்ட சுற்றறிக்கை வந்த பிறகு பாலின அங்கீகாரச் சான்றிதழுக்கு நாங்க மனநல டொக்டரிட்டப் போறம்தானே, கையெழுத்த மட்டும் வாங்கிட்டு வராம இந்தப் பயத்தையும் சொல்லுங்க. ராத்திரியில தாங்க ஏலாட்டி 1926க்கு எடுங்க, தேசிய மனநல உதவி இலக்கம் அது.

அக்கரைப்பற்றுத் தங்கச்சி கொப்பியப் படம் எடுத்து அனுப்பியிருந்தா. தொண்டைப் பக்கத்தில பெரிசா ஒரு கோடு கீறி "இப்ப வேணாம்" எண்டு எழுதியிருக்கா, நெத்திப் பக்கத்தில பதினொரு கேள்வி. வாற மாசம் ஸ்கேனுக்குக் கொழும்புக்கு கோச்சியில ரெண்டு பேருமாப் போறம், பாக்கப்போனா இப்ப விடிய விடிய முழிச்சிருக்கிறது நான்தான், அவ நல்லா நித்திரை கொள்றா.