பிடித்ததும் தரமானதும்: படங்களையும் கேம்களையும் வரிசைப்படுத்துவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆண்டின் கடைசி வாரம் வந்துவிட்டால், புதுச்சேரியில் எங்கள் நண்பர் வட்டத்தின் வாட்ஸ்அப் குழுவில் பட்டியல்கள் குவியத் தொடங்கும். அந்த ஆண்டில் பார்த்த படங்கள், ஆடி முடித்த வீடியோ கேம்கள், இதுவரை பார்த்தவற்றில் முதல் பத்து, முதல் இருபத்தைந்து என்று கல்லூரி மாணவர்கள் அனுப்புவதைப் படிக்கும்போது, எங்கள் வயதுக்காரர்கள் விழுந்து எழுந்த அதே குழிகளில் இவர்களும் ஏறத்தாழ அதே வரிசையில் விழுவது தெரிகிறது. பாதியில் நிறுத்திய படத்துக்கு மதிப்பெண் போடுவது, நண்பனுடைய பட்டியலைப் பார்த்து எழுதுவது போன்றவற்றை இங்கே சேர்க்கவில்லை. யாரும் சொல்லாமலே அவை திருந்திவிடும். தனக்குப் பிடித்ததையும் தரமானதையும் எடைபோடும் இடத்தில் நேரும் தவறுகள்தாம் பல ஆண்டுகள் ஒட்டிக்கொண்டு வருபவை.

எந்தக் கேள்விக்கு விடை என்று முடிவு செய்யாமல் தொடங்குவது

‘சிறந்த பத்துப் படங்கள்’ என்று தலைப்பிட்டுவிட்டு, முதல் மூன்று இடங்களில் தரத்தையும், அடுத்த நான்கில் விருப்பத்தையும், கடைசி மூன்றில் இரண்டுமில்லாத ஏதோ ஒன்றையும் வைத்து எழுதுவதே பெரும்பாலோரின் வழக்கம். பிரிட்டனின் சைட் அண்ட் சவுண்ட் திரைப்பட இதழ் 1952 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை விமர்சகர்களிடம் நடத்தும் வாக்கெடுப்பில், ஒவ்வொருவரும் பத்துப் படங்களை அனுப்புகிறார்கள். அந்தப் பத்துக்குள் முன்பின் என்பது கிடையாது, ஒவ்வொரு படத்துக்கும் ஒரு வாக்கு. திரைப்பட வரலாற்றில் முக்கியமானவற்றைத் தேர்ந்தெடுப்பதா, கலையாக உயர்ந்து நிற்பவற்றையா, தன் பார்வையையே மாற்றியவற்றையா என்பது வாக்களிப்பவரின் முடிவுக்கே விடப்பட்டிருக்கிறது. 2022-இல் 1,600 பேருக்கு மேல் கலந்துகொண்ட வாக்கெடுப்பிலேயே அளவுகோல் அவரவர் கையில்தான் இருந்தது என்னும்போது, தனியாளாகப் பட்டியல் போடுபவருக்கும் அந்த உரிமை உண்டு. எந்த அளவுகோலை வேண்டுமானாலும் எடுக்கலாம். நடுவழியில் மாற்றுவதுதான் கூடாது.

இரண்டையும் கூட்டிச் சராசரி எடுப்பது

இந்த ஒரு தவற்றைப் பார்த்தால் இன்றும் எனக்கு எரிச்சல் வருகிறது. செய்பவர்கள் சோம்பேறிகளாக இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் மிகவும் உழைக்கும் பிள்ளைகள்தாம் இதைச் செய்கிறார்கள்.

வில்லியனூரிலிருந்து வரும் ஒரு தம்பி, எக்செல் கோப்பில் கதை, நடிப்பு, ஒளிப்பதிவு, இசை என்று தரத்துக்குப் பல கட்டங்களும், ‘எனக்குப் பிடித்த அளவு’ என்று தனியாக ஒரு கட்டமும் போட்டு, எல்லாவற்றையும் ஒரே எண்ணாகச் சுருக்கிக் கொண்டுவந்திருந்தான். தரத்துக்கு அறுபது பங்கு, விருப்பத்துக்கு நாற்பது பங்கு. அடுத்த வாரம் பார்த்தால் பங்குகள் மாறியிருந்தன. “நாப்பது-அறுபதுன்னு திருப்பிப் போட்டாத்தாண்ணே சரியா வருது” என்றான். “எதுக்குச் சரியா வருது தம்பி?” என்று கேட்டதற்கு அவன் சிரித்தானே தவிர விடை சொல்லவில்லை. தனக்குப் பிடித்த கேம் முதலிடத்துக்கு ஏறும்வரை பங்குகளைத் திருகிக்கொண்டிருந்தான் என்பது இருவருக்கும் தெரியும்.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் சிக்கல் வெளிப்படும். முதல் படத்துக்கு விருப்பம் 9, தரம் 5. இரண்டாவதற்கு விருப்பம் 5, தரம் 9. மூன்றாவதற்கு இரண்டுமே 7 என்று வைத்துக்கொள்வோம். சரிபாதியாகப் பிரித்தால் மூன்றுக்கும் 7. விருப்பத்துக்கு அறுபது பங்கு கொடுத்தால் முதல் படம் 7.4, இரண்டாவது 6.6, பங்கைத் திருப்பிப் போட்டால் இவ்விரண்டும் இடம் மாறுகின்றன, மூன்றாவது படம் எந்தப் பங்கீட்டிலும் 7-ஐ விட்டு அசைவதில்லை. ஆகவே அந்த வரிசையைத் தீர்மானித்தது படங்களைப் பற்றிய நம் கருத்து அன்று, அறுபதா நாற்பதா என்று நாம் தேர்ந்தெடுத்த பங்கு மட்டுமே. அந்தப் பங்குக்கு நம்மிடம் எந்த நியாயமும் இல்லை.

இதைவிட மோசமான விளைவு வேறொன்று. உயிரைக் கொடுத்து நேசிக்கும் படத்துக்கு விருப்பம் 10, தரம் 4 என்று நேர்மையாகப் போட்டால் சராசரி 7. எந்தக் குறையும் சொல்ல முடியாத, ஆனால் பொங்கலுக்குள் மறந்துபோகும் ஒரு படம் இரண்டிலும் 7.5 வாங்கி அதைத் தாண்டிவிடுகிறது. சராசரி எப்போதும் வம்புதும்பு இல்லாத நடுத்தரத்துக்கே பரிசு கொடுக்கும். இருபத்தைந்து படங்களை இப்படி அடுக்கினால், மேல்பாதி முழுவதும் யாரும் கோபித்துக்கொள்ளாத, யாரும் கொண்டாடாத படங்களாக அமையும்.

அத்துடன், தரமும் விருப்பமும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு சரக்குகள் அல்ல. படத்தொகுப்பு கச்சிதமாக இருந்ததால்தான் அந்தச் சண்டைக் காட்சி பிடித்தது. கட்டுப்பாட்டுப் பொத்தான்கள் விரலுக்கு உடனே பதில் சொன்னதால்தான் அந்த கேம் இனித்தது. அதே படத்தொகுப்புக்குத் தரக் கட்டத்திலும் மதிப்பெண் போடுவது, ஒரே மொய்ப் பணத்தை மாப்பிள்ளை வீட்டு நோட்டிலும் பெண் வீட்டு நோட்டிலும் எழுதிவிட்டுக் கூட்டிப் பார்ப்பது போன்றது.

நஷ்டம் பட்டியல் போட்டவரோடு நிற்பதில்லை. கடலூர் முதுநகரில் இருக்கும் நண்பர் ஒருவர் சிப்காட்டில் ஷிப்ட் வேலை பார்ப்பவர். ஞாயிற்றுக்கிழமை கிடைக்கும் இரண்டு மணி நேரம்தான் அவருக்கு கேம் நேரம். எங்கள் குழுவில் ஒருவர் வெளியிட்ட கூட்டுமதிப்பெண் பட்டியலின் உச்சியில் 2018-இல் வெளிவந்த ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 இருப்பதைப் பார்த்துவிட்டு, மூவாயிரம் ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கினார். அந்த கேம் பனிமலையில் மிக நிதானமாகத் தொடங்குவது. குதிரையில் நெடுந்தூரம் போவதும், ஒவ்வொரு பொருளையும் கையால் எடுப்பதும் வேண்டுமென்றே மெதுவாக அமைக்கப்பட்டவை. உருவாக்கத்தின் தரத்தில் அதற்கு ஈடானவை மிகச் சிலவே. ஆனால் பட்டியல் போட்டவரே அதை ரசித்து ஆடியிருக்கவில்லை. தரக் கட்டத்தில் விழுந்த பெரிய எண்தான் அதை மேலே தூக்கியிருந்தது. இரண்டு கட்டங்களும் தனித்தனியாகத் தெரிந்திருந்தால், வாரத்துக்கு இரண்டு மணி நேரம் மட்டுமே உள்ள மனிதர் வேறொன்றை வாங்கியிருப்பார். ஒற்றை எண் அந்தத் தகவலை விழுங்கிவிட்டது.

பெரிய தளங்கள் பலவும் இந்த இரண்டையும் பிரித்து வைத்திருப்பதைக் கவனிக்க வேண்டும். பார்த்த படங்களைப் பதிவு செய்து மதிப்பிடும் லெட்டர்பாக்ஸ்டில் நட்சத்திர மதிப்பீடு வேறு, பிடித்திருக்கிறது என்று போடும் இதயக் குறி வேறு. மூன்று நட்சத்திரம் கொடுத்த படத்துக்கும் இதயம் போடலாம், ஐந்து கொடுத்துவிட்டு இதயம் போடாமலும் விடலாம். விமர்சனங்களைத் தொகுத்துக் காட்டும் மெட்டாகிரிட்டிக்கில் விமர்சகர் மதிப்பெண்ணும் பயனர் மதிப்பெண்ணும் அருகருகே நிற்கின்றனவே தவிர, ஒன்றாகக் கரைக்கப்படுவதில்லை. ஆகவே இரண்டு கட்டங்களை வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் கொண்டு வரிசைப்படுத்துங்கள். மற்றதைப் பக்கத்தில் அப்படியே காட்டுங்கள். ‘எனக்குப் பிடித்தவை’ என்ற பட்டியலில் விருப்பம்தான் வரிசையைத் தீர்மானிக்க வேண்டும். இரண்டு படங்கள் சமமாக நிற்கும்போது மட்டும் தரத்தைக் கேட்கலாம். கூட்டல் குறிக்கு இங்கே வேலை இல்லை.

ரசிப்பது என்றால் சிரித்து மகிழ்வது என்று எண்ணுவது

பார்த்தபின் இரண்டு நாள் தூக்கம் கெடுத்த படத்துக்கு, ‘தரம் 9, விருப்பம் 3’ என்று போடுபவர்களைப் பார்க்கிறேன். அந்தப் படம் உங்களை அவ்வளவு பிடித்து உலுக்கியது என்றால் விருப்பக் கட்டத்தில் அது 3 ஆக இருக்க முடியாது. பொழுது இனிமையாகப் போனதா என்பது ஒரு கேள்வி. அந்த நேரத்தை வேறு எதற்காகவும் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று தோன்றுகிறதா என்பது இன்னொரு கேள்வி. விருப்பக் கட்டத்துக்கு உரியது இரண்டாவதுதான். சலித்துக் கொட்டாவி விட்ட படம் வேறு, கலங்க வைத்த படம் வேறு.

கேம் விழுங்கிய மணி நேரத்தைத் தரமாகக் கணக்கிடுவது

இரண்டரை மணி நேரப் படத்தையும் நூறு மணி நேர கேமையும் ஒரே பட்டியலில் வைக்கும்போது, நேரம் தானாகவே ஒரு பாசத்தை வளர்த்துவிடுகிறது. கணினி கேம்களை விற்கும் ஸ்டீம் தளத்தில் ஒவ்வொரு விமர்சனத்தின் மேலும் எழுதியவர் ஆடிய மணி நேரம் தெரியும். நூற்றுக்கணக்கான மணி நேரம் ஆடிவிட்டுப் பரிந்துரைக்கவில்லை என்று எழுதியவர்கள் ஏராளம். அவர்களைக் கேலி செய்கிறோம். ஆனால் பழக்கத்தால் ஆடுவதும் ரசித்து ஆடுவதும் வேறு என்பதை ஒப்புக்கொள்ளும் துணிவு அவர்களிடம்தான் இருக்கிறது. ஆடாத நாட்களில் அந்த கேமைப் பற்றி நினைத்தீர்களா, அல்லது தினமும் ஆடினால் கேம் தரும் பரிசு தவறிவிடுமே என்று மட்டும் நினைத்தீர்களா?

சிறுவயது விருப்பத்துக்குத் தர முத்திரை குத்துவது

1987-இல் ஆர்கேட் இயந்திரத்துக்கு வந்த காண்ட்ரா என்ற துப்பாக்கிச் சண்டை கேம், நம்மில் பலருக்கு டிவி கேம் கேசட்டாகத்தான் அறிமுகம். சண்டே மார்க்கெட்டில் பேரம் பேசி வாங்கிய பெட்டியில், அண்ணன் தம்பி இருவரும் சேர்ந்து ஆடிய கேம் பட்டியலில் முதலிடத்தில் இருப்பதில் யாருக்கும் ஆட்சேபம் இருக்கக் கூடாது. ஆட்சேபம் அடுத்த வரியில்தான்: ‘இன்றைய கேம்களில் இந்தத் தரம் இல்லை’ என்று எழுதிவிடுகிறார்கள். அப்படி எழுதுவதற்கு முன் அரை மணி நேரம் மறுபடி ஆடிப் பாருங்கள். காண்ட்ரா அந்தச் சோதனையில் நன்றாகவே தேறும்; இருவர் ஒரே திரையில் ஆடும் அமைப்பு இன்றும் கச்சிதமாக இருக்கிறது. அந்தக் காலத்து வேறு பல கேம்கள் பத்து நிமிடம்கூடத் தாங்குவதில்லை. தேறாதவற்றைப் பட்டியலிலிருந்து நீக்க வேண்டியதில்லை, தரக் கட்டத்தில் மட்டும் உண்மையான எண்ணைப் போட்டால் போதும்.

தியேட்டர் வாசலிலேயே மதிப்பெண் போடுவது

ரத்னா தியேட்டரில் முதல் நாள் முதல் காட்சியின் விசிலும் காகிதத் துண்டுகளும் படத்தின் கணக்கில் வரவு வைக்கப்படக் கூடாது. உளவியலாளர் டேனியல் கானமன் காட்டியபடி, ஓர் அனுபவத்தை நினைவுகூரும்போது அதன் உச்சக் கணமும் முடிவும்தான் பெரிதாக நிற்கின்றன. நடுப்பகுதியின் நீளம் மங்கிவிடுகிறது. கிளைமாக்ஸ் நன்றாக இருந்த படங்களெல்லாம் பார்க்கிங்கில் ஒன்பது வாங்குவது இதனால்தான். ஒரு வாரம் பொறுங்கள்.

மரியாதைக்காக ஓர் இடம் ஒதுக்குவது

ஒதுக்காதீர்கள். பிடித்தவை பட்டியலில் ஒரு மேதையின் படம் இல்லாததால் மேதைக்குக் குறைவில்லை.

கிராபிக்ஸ்தான் தரம் என்பது

அது செலவு.

ஒருமுறை போட்டதைப் பூட்டி வைப்பது

சைட் அண்ட் சவுண்ட் பட்டியலில் 1962 முதல் 2002 வரை ஐந்து முறை முதலிடத்தில் இருந்த சிட்டிசன் கேன், 2012-இல் வெர்டிகோவுக்கும், 2022-இல் ஷாந்தால் அகர்மன் 1975-இல் எடுத்த ஜான் டீல்மனுக்கும் வழிவிட்டது. படங்கள் மாறவில்லை, வாக்களித்தவர்கள் மாறினார்கள். கேம்களில் பொருளே மாறிவிடும். 2020 டிசம்பரில் வந்த சைபர்பங்க் 2077, பிழைகளின் காரணமாகச் சில நாட்களிலேயே பிளேஸ்டேஷன் இணையக் கடையிலிருந்து எடுக்கப்பட்டு, 2021 ஜூனில்தான் திரும்பி வந்தது. 2023 செப்டம்பரின் 2.0 பதிப்பு ஆட்டத்தின் அடிப்படை அமைப்புகளையே மாற்றியது. முதல் மாதத்தில் பழைய கன்சோலில் ஆடியவரும், மூன்று ஆண்டுகள் கழித்துக் கணினியில் ஆடியவரும் ஒரே பெயரைச் சொல்லிச் சண்டை போடுவது எங்கள் குழுவில் வாடிக்கை. கேமின் பெயருக்குப் பக்கத்தில் எந்தக் கருவியில், எந்தப் பதிப்பை ஆடினீர்கள் என்று எழுதுங்கள். படமென்றால், கடைசியாகப் பார்த்த ஆண்டு போதும்.