கனடாவில் 'கொலை வழக்கு' என்றால்: வீட்டார் முதல் இரவிலேயே அறிய வேண்டியவை

விடியப்புறம் மூன்று மணி. கதவடியில் இரண்டு துப்பறிவாளர்கள், உள்ளே சாரத்தோடு நிற்கும் தகப்பன். மகனை ஏற்கெனவே கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். பிள்ளைக்கு உதவி செய்வதாக நினைத்து அந்த மனிதர் சொன்னது ஒரே ஒரு வரி: "அவன் கொஞ்சம் கோபக்காரன், ஆனால் நல்ல பிள்ளை." பல மாதம் கழித்து அரசுத் தரப்பு ஆவணங்கள் கைக்கு வந்தபோது அந்த வரி அதில் இருந்தது. 'கோபக்காரன்' வரைக்கும் மட்டும்.

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இப்படியான சில குடும்பங்களோடு மொழிபெயர்க்கப் போய் வந்திருக்கிறேன். நான் சட்டத்தரணி இல்லை. ஆனால் முதல் இரவில் நம்மவர்கள் திரும்பத் திரும்பச் செய்யும் பிழைகளைப் பார்த்திருக்கிறேன். இங்கே எழுதுவது ஒன்ராறியோ நிலவரம்.

முதலில், வாயைத் திறக்காதீர்கள். பேசாமல் இருந்தால் குற்றத்தை ஒத்துக்கொண்டதாகிவிடும் என்பது ஊரில் இருந்து நாம் கொண்டுவந்த பயம். இங்கே மௌனம் ஓர் உரிமை. கைதான உடனே சட்டத்தரணியோடு பேசும் உரிமையை கனடிய உரிமைகள் சாசனத்தின் 10ஆம் பிரிவு தருகிறது. சொந்தமாக லோயர் இல்லாதவருக்கு, இரவோ பகலோ, இலவசமாக ஒரு சட்டத்தரணியைத் தொலைபேசியில் பிடித்துத் தருவார்கள். தமிழில் வேண்டும் என்றால் அதையும் கேட்கலாம்.

ஆனால் பலருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. கைதானவர் வயது வந்தவர் என்றால், அமெரிக்கத் தொடர்களில் வருவதுபோல லோயர் பக்கத்தில் வந்து உட்காரமாட்டார். தொலைபேசியில் பேசி முடிந்த பிறகும் பொலிஸ் மணிக்கணக்கில் கேள்வி கேட்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2010இல் சின்கிளேயர் வழக்கில் சொல்லிவிட்டது. அப்போது "நான் ஒன்றும் சொல்ல விரும்பவில்லை" என்று எத்தனை தரம் வேண்டுமானாலும் சொல்லலாம். சிறைக்கூண்டில் கூட இருப்பவரிடமும் கதை வேண்டாம். கைதியாக நடித்தவர் பொலிஸ்காரராக இருந்த ஹீபெர்ட் வழக்கு 1990இல் உச்ச நீதிமன்றம் வரை போனது.

வீட்டாரும் பொலிஸின் கேள்விகளுக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்று இல்லை. ஆனால் பொய் சொல்வதும், உடுப்பைத் தோய்ப்பதும், போனில் இருப்பதை அழிப்பதும் தனிக் குற்றங்கள். பாசத்தில் இதைச் செய்து தாயும் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

இன்னொன்று, சொல்லவே மனம் கனக்கிறது. அங்கே இன்னொரு வீட்டில் செத்தவீடு நடக்கிறது. இரண்டு வீட்டாரும் தெரிந்தவர்களாக இருந்தால் போய்க் காலில் விழுந்தாவது மன்னிப்புக் கேட்கத் தோன்றும். போகாதீர்கள், ஆள் அனுப்பாதீர்கள். சாட்சிகளைக் கலைக்கப் பார்த்ததாக அது எடுக்கப்படலாம். அந்த வீட்டாரின் துக்கத்துக்கும் அதுதான் மரியாதை.

அடுத்தது, குற்றச்சாட்டின் பெயர். நமக்கு எல்லாமே 'கொலை'. இங்கே பெயருக்குப் பெயர் வாழ்க்கையே மாறும். திட்டமிட்டு, யோசித்துச் செய்தது முதல்தரக் கொலை. கடமையில் இருக்கும் பொலிஸ்காரரைக் கொன்றாலும், ஆளைக் கடத்தும்போது கொலை செய்தாலும் அதே தரம்தான். திட்டம் இல்லை, ஆனால் கொல்லும் நோக்கமோ, சாகக்கூடும் என்று தெரிந்தே படுகாயப்படுத்தும் நோக்கமோ இருந்தது என்றால் இரண்டாம்தரம். வயது வந்தவருக்கு இரண்டுக்கும் ஆயுள்தண்டனை கட்டாயம். முதல்தரத்தில் 25 ஆண்டு முடியும்வரை பரோல், அதாவது நிபந்தனையோடு வெளியே வாழ அனுமதி, கேட்க முடியாது. இரண்டாம்தரத்தில் அது 10 முதல் 25 ஆண்டுக்குள் நீதிபதி தீர்மானிப்பது. அப்படியான நோக்கம் எதுவும் இல்லாமல், ஒரு தள்ளிலோ அடியிலோ உயிர் போயிருந்தால் மான்ஸ்லோட்டர். இலங்கைப் பத்திரிகைகளில் 'கைமோசக் கொலை' என்று வருமே, அதுதான். இதற்கும் ஆயுள்வரை போகலாம். ஆனால் துப்பாக்கி சம்பந்தப்படாவிட்டால் குறைந்தபட்சத் தண்டனை என்று ஒன்றும் இல்லை. ஆகவே சொந்தக்காரருக்குப் போன் எடுத்து "கொலைக் கேஸ்" என்று அழுவதற்கு முன், குற்றச்சாட்டுத் தாளில் எந்தப் பெயர் எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

அடுத்தது பிணை. முதல்தரமோ இரண்டாம்தரமோ, கொலைக்குச் சாதாரணப் பிணை நீதிமன்றத்தில் அது கிடைக்காது. மேல் நீதிமன்ற நீதிபதியிடம்தான் கேட்கலாம். ஏன் வெளியே விட வேண்டும் என்று காட்டும் பாரமும் உங்கள் பக்கத்துக்குத்தான். பிணைக்கு நிற்பவர், பிணையில் வந்தவரை உண்மையிலேயே கண்காணிக்க வேண்டும். "நில்லுங்கோ அண்ணை, போனால் காசு நாங்கள் தாறம்" என்று பேசிவைப்பது இங்கே குற்றம்.

சரி, லோயரை எப்படிப் பிடிப்பது? வீடு வாங்கியபோது கையெழுத்து வைத்துத் தந்தவரையோ, அகதி வழக்குப் பார்த்தவரையோதான் முதலில் கூப்பிடுவோம். நல்லவராக இருப்பார், ஆனால் இது அவருடைய வேலை அல்ல. குற்றவியல் வழக்கே தொழிலாகச் செய்பவர் வேண்டும். ஒன்ராறியோ சட்டச் சங்கத்தின் இணையதளத்தில் பெயரைத் தட்டினால் உரிமம் இருக்கிறதா, ஒழுங்கு நடவடிக்கை ஏதும் உண்டா என்று தெரியும். நேரில் சந்திக்கும்போது கூச்சப்படாமல் கேளுங்கள்: ஜூரி முன்னால் எத்தனை கொலை வழக்கு நடத்தியிருக்கிறீர்கள்? விசாரணை நாளில் நீங்களே நிற்பீர்களா, உதவியாளரா? பிணைக்கு எவ்வளவு, பூர்வாங்க விசாரணைக்கு எவ்வளவு, முழு விசாரணைக்கு எவ்வளவு? பதில் எழுத்தில் வர வேண்டும். வென்றால் மட்டும் காசு என்ற ஒப்பந்தம் குற்றவியல் வழக்கில் சட்டப்படி செல்லாது. "கட்டாயம் வெளியில் எடுப்பேன்" என்று உறுதி தருபவரிடம் இருந்து எழும்பி வந்துவிடுங்கள். வசதி இல்லாதவர் சட்ட உதவி தரும் லீகல் எய்ட் ஒன்ராறியோவுக்கு விண்ணப்பிக்கலாம். அனுமதி கிடைத்தால், அதை ஏற்கும் லோயர்களில் ஒருவரை நீங்களே தெரிவு செய்யலாம்.

தமிழ் தெரிந்த லோயர்தான் வேண்டும் என்று இல்லை. நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளரைப் பெறும் உரிமையைச் சாசனத்தின் 14ஆம் பிரிவு தருகிறது. லோயரைச் சந்திக்கும்போது மாமாவோ மச்சானோ மொழிபெயர்க்க வேண்டாம், லோயரையே ஒருவரை ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். இன்னொரு மனத்தாங்கலும் வரும்: "காசு கட்டுவது நாங்கள், பிள்ளை என்ன சொன்னான் என்று எங்களுக்கே சொல்லமாட்டாராம்." சொல்லத்தான் மாட்டார், சொல்லவும் கூடாது. அந்த ரகசியம் பிள்ளையுடையது.

குடியுரிமை இன்னும் எடுக்காதவர் என்றால், குறைந்த குற்றத்தை ஒத்துக்கொள்வது பற்றிப் பேச்சு வரும் நாளிலேயே குடிவரவுச் சட்டத்தரணியிடமும் கேளுங்கள். 6 மாதமோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை கிடைத்த நிரந்தரவாசிக்கு, நாடுகடத்தும் உத்தரவுக்கு எதிராகக் குடிவரவு மேன்முறையீட்டுப் பிரிவுக்குப் போகும் வழி அடைபட்டுவிடும்.

வழக்கு சீக்கிரம் முடியாது. குற்றம் சாட்டியதில் இருந்து மேல் நீதிமன்றத்தில் விசாரணை முடிய, உச்ச நீதிமன்றம் 2016இல் வைத்த உச்ச எல்லையே 30 மாதம். அப்புறம், ஒவ்வொரு தவணைக்கும் போகும்போது வழக்கைப் பற்றி நடைபாதையில் கதைக்காதீர்கள், தமிழில்கூட. அடுத்த வாங்கில் இருப்பது இறந்தவருடைய தாயாக இருக்கும்.