முதல் தையல் வகுப்பு: மெஷினோடு பயமின்றிப் பழகும் வழி

ஹட்டனில் நாங்கள் சேர்ந்து நடத்தும் பொதுத் தொழிற்கூடத்துத் தையல் வகுப்புக்கு இரண்டு வகையினர் வருகிறார்கள். மெஷினைத் தொட்டே பார்க்காதவர்கள் ஒரு வகை. கட்டுநாயக்கவில் கார்மென்ட்ஸ் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய அக்காமாரும் தங்கச்சிமாரும் இன்னொரு வகை. இவர்கள் ஜுகி என்ற தொழிற்சாலை மெஷினில் கண்ணிமைக்கும் நேரத்தில் கொலர் தைப்பார்கள். ஆனால் அங்கே கொலர் மட்டுமே தைத்ததால், ஒரு முழுச் சட்டையைத் தனியாக முடித்திருக்க மாட்டார்கள். நூல் சிக்கினால் மெக்கானிக்கைக் கூப்பிட்டே பழகியிருப்பார்கள். இரு சாராருக்கும் நான் சொல்வது ஒன்றுதான்: தையலைப் பார்த்தே குறையைக் கண்டுபிடிக்கப் பழகுங்கள். அது கைவந்துவிட்டால் எந்த மெஷினும் உங்களுக்குப் பிடிபடும்.

இதற்குத் தேவையும் இருக்கிறது. பாடசாலைப் பிள்ளைகளுக்கு இலவசச் சீருடைத் துணி கொடுக்கும் திட்டத்தை அரசாங்கம் 1993இல் தொடங்கியது. துணி இலவசம், தையல்கூலி நம் கையிலிருந்து போகிறது. மூன்று பிள்ளைகள் படிக்கும் லயத்து வீட்டில் அது சின்னச் செலவா?

நூல் கோக்காமல் தொடங்குங்கள்

மின் மெஷின் இருந்தாலும் முதலில் கால் மெஷினில்தான் உட்கார வைப்பேன். கரண்ட் போனாலும் ஓடும், உங்கள் காலுக்குக் கட்டுப்பட்டு மெதுவாகவும் ஓடும். சிங்கர் நிறுவனம் 1877இலேயே இலங்கைக்கு வந்துவிட்டது. பாட்டி காலத்துக் கறுப்பு மெஷின் உங்கள் வீட்டு மூலையில் கிடந்தால் அதைப் பழைய இரும்புக்குக் கொடுத்துவிடாதீர்கள். துடைத்து எண்ணெய் விட்டால் பெரும்பாலும் ஓடும்.

மெஷினின் வலப்பக்கம் கையால் சுற்றும் கைச்சக்கரத்தின் நடுவிலுள்ள திருகைத் தளர்த்துங்கள். இப்போது சக்கரம் சுற்றும், ஊசி அசையாது. இரு பாதங்களையும் மிதிபலகையில் வைத்து, ஒன்றைச் சற்று முன்னே தள்ளி மிதியுங்கள். சக்கரத்தின் மேற்புறம் உங்களை நோக்கி வர வேண்டும். பின்னோக்கிச் சுழன்றால் நூல் சிக்கி அறும். நினைத்த இடத்தில் நிறுத்த வரும்வரை இதையே செய்யுங்கள். பிறகு திருகை இறுக்கி, பழைய ஊசியைப் போட்டு, கோடு போட்ட கொப்பித்தாளை வைத்துக் கோட்டின் மேலேயே ஓட்டுங்கள். ஊசித் துளைகள் கோட்டை விட்டு விலகாமல் வந்தால் துணிக்குப் போகலாம்.

கீழ்ச் சக்கரத்தையும் கைச்சக்கரத்தையும் இணைக்கும் தோல் பெல்ட் மழைக்காலத்தில் ஈரம் ஏறி நெகிழும். கால் மிதித்தும் சக்கரம் வழுக்கினால், பெல்ட்டைக் கழற்றிச் சிறு துண்டு வெட்டிவிட்டு மறுபடி கொளுவுங்கள்.

ஊசியும் நூலும்

சீருடைத் துணிக்கும் பொப்ளினுக்கும் 14ஆம் இலக்க ஊசி போதும். டெனிம், கன்வஸ் என்றால் 16. கார்மென்ட்ஸ் மெஷின் ஊசியின் தலைப்பகுதி முழுவதும் உருண்டை. வீட்டு மெஷின் ஊசிக்கு ஒரு பக்கம் தட்டை. ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைப் போடாதீர்கள். ஊசியில் நீளவாட்டில் ஒரு பள்ளம் ஓடும். அந்தப் பக்கத்திலிருந்துதான் நூல் நுழைய வேண்டும். தட்டைப் பக்கம் அதற்கு எதிர்ப்புறம். ஊசியை மேலே முட்டும்வரை தள்ளிய பிறகே திருகை இறுக்குங்கள். வளைந்ததா என்று பார்க்க, தட்டைப் பக்கத்தைக் கண்ணாடித் துண்டின் மேல் வைத்துப் பாருங்கள். அடியில் தெரியும் இடைவெளி நுனிவரை ஒரே சீராக இருந்தால் ஊசி நேர்.

நூல் கோக்கும்போது துணியை அமுக்கும் பாதம் உயர்ந்திருக்கட்டும். அப்போதுதான் மேல்நூலை இறுக்கிப் பிடிக்கும் இறுக்கத் தட்டுகள் திறந்து நூல் உள்ளே அமரும். கீழ்நூல் சுற்றும் சிறு உருளையான பொபினில் நூலைச் சமமாகச் சுற்றி, விளிம்புவரை நிரப்பாமல் விடுங்கள். பொபினை அதன் உலோகக் கூடான கேஸில் போட்டதும் நூலைச் சிறு பிளவு வழியாக இழுத்துத் தகட்டு வில்லின் அடியில் கொண்டுவாருங்கள். நூலைப் பிடித்துத் தொங்கவிட்டால் கேஸ் தானாக இறங்கக் கூடாது. ஒரு சுண்டு சுண்டினால் கொஞ்சம் இறங்கி நிற்க வேண்டும்.

தையலைப் படியுங்கள்

இந்தப் பகுதிக்குத்தான் வகுப்பில் அதிக நேரம் ஒதுக்குகிறேன். மேலே சிவப்பு நூல், பொபினில் நீல நூல், வெள்ளைத் துணி இரண்டு மடிப்பு. இரு நூல்முனைகளையும் பாதத்துக்குப் பின்னே இழுத்து விரலால் பிடித்தபடி முதல் மூன்று நான்கு தையலைக் கைச்சக்கரத்தாலேயே போடுங்கள். பிடிக்காமல் விட்டால் துணியின் அடியில் நூல் குருவிக்கூடு போலச் சுருண்டுகொள்ளும். அது மெஷினின் பழுதன்று. துணியை இழுக்கவும் வேண்டாம். கீழேயுள்ள பற்களே நகர்த்தும், கை வழிகாட்டினால் போதும்.

இப்போது துணியைத் திருப்பிப் பாருங்கள். மேலே சிவப்பும் கீழே நீலமும் மட்டும் தெரிந்தால் இரண்டு நூலும் துணிக்குள்ளேயே பின்னிக்கொண்டன. அதுவே நல்ல தையல். அடியில் சிவப்புக் கண்ணிகள் தொங்கினால் பார்வை பொபினுக்குப் போகும். குறை அங்கே இல்லை. மேல்நூல் இறுக்கத் தட்டுக்குள் அமரவில்லை, பாதத்தை இறக்கி வைத்துக் கோத்திருப்பீர்கள். மேலே நீலப் புள்ளிகள் எட்டிப் பார்த்தால், ஒன்றில் மேல்நூல் அதிக இறுக்கம், அல்லது பொபின் நூல் வில்லின் அடியில் போகவில்லை. தையல் இடையிடையே விட்டுப்போனால் ஊசி மழுங்கியது, வளைந்தது, அல்லது திரும்பிப் போட்டது.

திருத்தும் வரிசையை மாற்றாதீர்கள். முதலில் இரண்டு நூலையும் அவிழ்த்துத் திரும்பக் கோத்துப் பாருங்கள். சரிவராவிட்டால் புது ஊசி. அதற்கும் சரிவராவிட்டால் பற்களுக்கிடையே சேர்ந்த பஞ்சைத் தூரிகையால் எடுங்கள். கடைசியாகத்தான் மேல் இறுக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்ப வேண்டும். பொபின் கேஸின் சிறு திருகில் ஆரம்பகாலத்தில் கை வைக்கவே வேண்டாம்.

தையல் நீளம் 2.5 மில்லிமீற்றர், அதாவது அங்குலத்துக்கு ஏறக்குறைய 10 தையல்.

ஒரு சந்தைப் பை

36 அங்குல நீளம், 16 அங்குல அகலத்தில் கனமான பருத்தித் துணி ஒன்று. கைப்பிடிக்கு 24க்கு 4 அங்குலத்தில் இரண்டு. பெரிய துண்டை நல்ல பக்கம் உள்ளே இருக்க நீளம் பாதியாகும்படி இரண்டாக மடித்து, இரு பக்கமும் அரை அங்குலம் விட்டுத் தையுங்கள். தொடக்கத்திலும் முடிவிலும் முன்னும் பின்னும் ஓட்டிக் கட்டுங்கள்.

அடி மூலையைப் பிரித்து, பக்கத் தையல் அடிமடிப்பின் மேல் நேராக விழும்படி முக்கோணமாகத் தட்டையாக்குங்கள். நுனிக்குக் கீழே, குறுக்கே 4 அங்குலம் வரும் இடத்தில் கோடு போட்டுத் தையுங்கள். மறு மூலைக்கும் அப்படியே. உருளைக்கிழங்கும் லீக்ஸும் போட்டாலும் பை சரியாமல் நிற்க இந்த அடிதான் காரணம்.

கைப்பிடித் துண்டுகளை நீளவாட்டில் நான்காக மடித்து ஓரம் தையுங்கள். பையை நல்ல பக்கம் வெளியே வரத் திருப்பி, அதன் வாயை அரை அங்குலமும் பிறகு ஓர் அங்குலமும் உள்ளே மடித்து, கைப்பிடியின் முனைகளை மடிப்புக்குள் செருகி, சுற்றிவரத் தையுங்கள். கைப்பிடியை மேல்நோக்கி நிமிர்த்தி, பொருந்தும் இடத்தில் ஒரு சதுரமும் அதற்குள் பெருக்கல் குறியும் போடுங்கள். மூலையில் திரும்பும்போது ஊசி துணிக்குள் இறங்கியிருக்க, பாதத்தை உயர்த்தித் துணியைத் திருப்புங்கள்.

முடிந்ததும் பஞ்சைத் துடைத்து, மெஷின் எண்ணெய் துளித்துளியாக விட்டு, கழிவுத் துணியில் கொஞ்சம் ஓட்டுங்கள். தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், பிசினாக இறுகிவிடும். நம் ஊர்ப் பனியில் ஊசி சீக்கிரம் துருப்பிடிக்கும். மெஷினை மூடி வையுங்கள்.

அடுத்த வகுப்பில் பாடசாலைச் சீருடை. பருத்தித் துணியானால் வெட்டுமுன் நனைத்துக் காயவைத்து எடுத்து வாருங்கள், தைத்த பின் சுருங்கினால் ஒன்றும் செய்ய முடியாது. மழை நாளில் காய நாளெடுக்கும், ஆகவே இன்றே நனைத்துவிடுங்கள்.