கராஜ் கதவை மாற்றச் செலவுத் திட்டம் போடுதல்

நுவரெலியா, ஹட்டன் பக்கங்களில், பழைய மரக்கதவு ஈரத்தில் ஊதி, அடிப்பலகை விரலால் அழுத்தினாலே உதிரும் நிலைக்கு வந்த பின்னரே பலர் ரோலர் கதவை, அதாவது மேலே உருளையில் சுருண்டு ஏறும் தகட்டுக் கதவைப் பற்றி யோசிக்கிறார்கள். முதலில் வாசலை மூன்று இடங்களில் அளந்து, கூடிய அளவை எடுங்கள்; 9 அடி அகலமும் 8 அடி உயரமும் என்றால் 72 சதுர அடி, ஆனால் மேலே உருளையில் சுற்றி நிற்கும் பகுதிக்கும் தகடு தேவைப்படுவதால் விலை அதைவிடக் கூடுதலான பரப்புக்கே போடப்படலாம். ஆகவே கதவு, மோட்டார், பொருத்துகூலி, மலையேற்றி வரும் லொறிக்கூலி, பழைய கதவைக் கழற்றும் செலவு ஆகியவற்றைத் தனித்தனியாக எழுதித் தரும்படி மூவரிடமாவது கேளுங்கள்.

பணம் போதாவிட்டால், பின்னர் பொருத்த இயலுமா என்று உறுதிசெய்துகொண்டு மோட்டாரைத் தள்ளிப்போடலாம். துருவைத் தாங்கும் பூச்சுள்ள தகட்டிலும் கதவின் அடிவிளிம்பில் வரும் ரப்பரிலும் மட்டும் தயவுசெய்து மிச்சம் பிடிக்காதீர்கள். மே முதல் செப்டெம்பர் வரையான தென்மேற்குப் பருவமழையின் சாரல் நேரே அடிப்பது அவற்றின்மீதுதான். கதவுநிலையைக் கழற்றும்போது பெயரும் சுவரைப் பூச, மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கைத் தனியாக ஒதுக்கி வையுங்கள்.