பொங்கல் விடுமுறையில் குழந்தைகளோடு மண்பானைக்கு வண்ணம் தீட்டுவோம்

பொங்கல் நெருங்கும்போது சந்தைகளிலும் தெருவோரங்களிலும் மண்பானைகள் வந்து குவிந்துவிடும். அவற்றுள் சிறியதாக ஒன்றை வாங்கி, போகிக்கு முன்பே குழந்தைகளைக் கொண்டு வண்ணம் தீட்டவைத்தால், பொங்கலன்று வாசற்கோலத்தின் அருகே அதை வைத்து மகிழலாம். இது அலங்காரத்துக்கான பானை மட்டுமே என்பதைத் தொடக்கத்திலேயே குழந்தைகளிடம் சொல்லிவிடுங்கள். அக்ரிலிக் வண்ணம் பூசிய பானையை அடுப்பில் ஏற்றினால் வண்ணம் கருகிப் புகையும். பொங்கல் வைக்கும் பானைக்குச் சுண்ணாம்பும் காவியும் கழுத்தில் கட்டிய மஞ்சள் கொத்துமே போதும்.

வாங்கும்போது பானையை விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள்; கணீரென்று ஒலித்தால் நல்ல பானை, மந்தமாக ஒலித்தால் எங்கோ விரிசல் இருக்கக்கூடும். இதனுடன் நச்சுத்தன்மையற்றது என்று குறிப்பிடப்பட்ட அக்ரிலிக் வண்ணங்கள், உப்புத்தாள், ஃபெவிகால், தட்டையான தூரிகை ஒன்று, மெல்லிய தூரிகை ஒன்று, காது குடையும் பஞ்சுக்குச்சிகள், இரண்டு வெண்டைக்காய் ஆகியவை இருந்தால் போதும். எனாமல் பெயின்ட் வேண்டாம். அதைக் கழுவத் தின்னர் தேவைப்படும், அதன் நெடி குழந்தைகளுக்கு ஆகாது.

முதலில் பானையின் வெளிப்புறத்தை உப்புத்தாளால் இலேசாகத் தேய்க்க வேண்டும். தூசு பறக்கும் என்பதால் இதைப் பெரியவர்கள் வீட்டுக்கு வெளியே செய்வது நல்லது. ஈரத்துணியால் துடைத்து வெயிலில் காயவைக்கும் வேலையைக் குழந்தைகளிடம் விடலாம். அடுத்து, ஃபெவிகாலும் தண்ணீரும் சம அளவில் கலந்து வெளிப்புறம் முழுவதும் ஒருமுறை பூசுங்கள். சுட்ட மண் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் தன்மையுடையது. இந்தப் பூச்சு இல்லாவிட்டால் வண்ணத்தையும் அது உறிஞ்சிவிடும், எத்தனை முறை தீட்டினாலும் பானை வெளிறியே தெரியும்.

பூச்சு நன்கு காய்ந்த பிறகு, படம் வரைய வேண்டிய இடங்களில் மட்டும் வெள்ளை வண்ணத்தைப் பூச வேண்டும். பலரும் அவசரத்தில் இதை விட்டுவிடுகிறார்கள். ஆனால் பானையின் அழகு பெரும்பாலும் இதில்தான் இருக்கிறது. செம்மண் நிறத்தின் மேல் நேரடியாகத் தீட்டிய மஞ்சள் மங்கி அழுக்கேறியதுபோல் தோன்றும். வெள்ளையின் மேல் தீட்டிய அதே மஞ்சள் பளிச்சென்று நிற்கும். மற்ற இடங்களில் மண்ணின் நிறத்தை அப்படியே விட்டுவிடுவதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது, ஏனெனில் காவி நிறப் பின்னணியில் வெள்ளைக் கோடுகளும் புள்ளிகளும் நம் வீட்டுத் திண்ணைக் கோலத்தைப் போலவே எடுப்பாக இருக்கும்.

வெள்ளை காய்வதற்குச் சுமார் அரை மணி நேரம் ஆகும். அதுவரை குழந்தைகள் ஒரு தாளில் சூரியன், கரும்பு, மஞ்சள் செடி, மாட்டின் முகம் ஆகியவற்றை வரைந்து பழகட்டும். மஞ்சளோடு சிறிது சிவப்பைக் கலந்து சூரியனுக்கான ஆரஞ்சு நிறத்தை அவர்களே உண்டாக்கிப் பார்ப்பது, கடையில் வாங்கிய ஆரஞ்சைப் பூசுவதைவிடப் பெரிய மகிழ்ச்சியைத் தரும். பிறகு பானையில் சூரியனையும் கரும்பையும் மெல்லிய தூரிகையால் தீட்டச் சொல்லுங்கள். கோடு கோணினாலும் பெரியவர்கள் தூரிகையை வாங்கித் திருத்த வேண்டாம். தன் கைப்பட வரைந்த கோணல் சூரியனைத்தான் குழந்தை வருவோர் போவோரிடமெல்லாம் காட்டும்.

தூரிகை பிடிக்கச் சிரமப்படும் சிறு குழந்தைகளுக்கு வெண்டைக்காய் அச்சு பொருத்தமானது. காயைக் குறுக்கே வெட்டி, வெட்டுமுகத்தின் பிசுபிசுப்பைத் துணியால் ஒற்றி எடுத்து, அதில் வண்ணத்தைத் தூரிகையால் மெல்லியதாகத் தடவி அழுத்தினால் பூப்போன்ற வடிவம் பதியும். பானை வளைவாக இருப்பதால் காயை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மெதுவாகச் சாய்த்து அழுத்த வேண்டும். முதலில் தாளில் பழகிக்கொள்ளட்டும். கழுத்தைச் சுற்றிப் பஞ்சுக்குச்சியால் புள்ளிகள் வைத்தால் வேலை முடிந்தது.

அக்ரிலிக் காய்ந்துவிட்டால் துணியிலிருந்து போகாது. பழைய சட்டையை அணிவித்து, தூரிகைகளை உடனுக்குடன் கழுவிவிடுங்கள். பானையை ஓர் இரவு முழுவதும் காயவிடுங்கள். அதில் தண்ணீர் ஊற்றாதீர்கள். ஈரம் உட்புறத்திலிருந்து கசிந்து வந்து வண்ணத்தை உரியச்செய்யும். நெற்கதிர்களையோ காகிதப் பூக்களையோ செருகி வைக்கலாம்.