போலீஸ் சான்றிதழ் ஸ்பானிஷுக்குப் போகும்போது

கீழக்கரை, ராமேஸ்வரம் பக்கமிருந்து ஸ்பெயினுக்கு விண்ணப்பிப்பவர்களில் பழைய வழக்கு உள்ளவர்களின் தாள்களில்தான் சிக்கல் வரும். கணினி தந்த ஸ்பானிஷ் மொழிபெயர்ப்பு வரைவில் 'ஆஃபென்ஸ்' (குற்றம்) என்பது 'ஒஃபென்சா' ஆகியிருந்தது. ஸ்பானிஷ்காரருக்கு அது அவமதிப்பு. சட்டப்படியான குற்றத்தைக் குறிக்கும் 'தெலீத்தோ' என்று மாற்றினேன்.

அதைவிடப் பெரிய கோளாறு: 'டிஸ்சார்ஜ்' (விசாரணைக்கு முன்பே விடுவிப்பு), 'அக்விட்டல்' (தீர்ப்பில் விடுதலை) இரண்டுக்கும் ஒரே 'அப்சொலுசியோன்'. விசாரணை முடிந்து தீர்ப்பில் விடுதலையானால்தான் அது சரி. குற்றச்சாட்டு வனையும் முன்பே விடுவித்திருந்தால் 'சொப்ரெசெய்மியென்தோ' நெருங்கி வரும். எதுவென்று அறிய ராமநாதபுரம் கோர்ட்டில் உத்தரவின் சான்றிட்ட நகலை வாங்கி, பிரிவு எண்ணைப் பாருங்கள். வாரண்ட் வழக்கில் (இரண்டு ஆண்டுக்கு மேல் சிறைத் தண்டனை உள்ள குற்ற வழக்கு) பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 239 என்றால் டிஸ்சார்ஜ், 248(1) என்றால் அக்விட்டல். 2024 ஜூலைக்குப் பிந்தைய வழக்குகளில் புதிய சட்டம் என்பதால் எண்கள் வேறு, டிஸ்சார்ஜுக்கு 262.

கைதானதை மட்டும் 'கொந்தேனா' என்று எழுதிவிடாதீர்கள். அது தண்டனைத் தீர்ப்பு. ஒரு மனிதரின் பிழைப்பே போய்விடும்.

அப்பா பெயரின் இனிஷியலைக் குடும்பப் பெயராக விரிக்காமல், பாஸ்போர்ட்டில் உள்ளபடியே விடுவது நல்லது. முதலில் அப்போஸ்டில் (ஆவணம் உண்மையானது என்று வெளிநாட்டுக்காக அரசு இடும் முத்திரை), பிறகுதான் மொழிபெயர்ப்பு. அந்த முத்திரையில் உள்ளதையும் சேர்த்தே மொழிபெயர்க்க வேண்டும்.